லிஃப்டில் ஏறாத அலமாரி

திரையில் வந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'உங்களுக்கு அளித்த இடம் வேண்டாம் என்று நேற்று மாலை நீங்கள் தெரிவித்துவிட்டீர்கள். உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானைக் குடும்பமாகச் சேர்ந்து அழுத்தலாம் என்று கூடத்தில் மடிக்கணினியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். அழுத்துவதற்குப் பொத்தானே இல்லை.

சோபாவின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் இந்தக் கதையின் துப்பறிவாளர். திருட்டுப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர். பெரிய வைரக் கொள்ளையெல்லாம் அவர் பக்கம் வந்ததில்லை. சைக்கிள், தண்ணீர் மோட்டார், வெளியே காயப்போட்ட ஜீன்ஸ் இவைதான் அவர் ராஜ்ஜியம். இரவு டியூட்டி முடித்து, அக்கா மகள் பொத்தான் அழுத்துவதைப் பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று வந்திருந்தார். அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது அவருக்கு வைத்த பெயர் துப்பு மாமா. அது துப்பு துலக்குகிற துப்பா, காறித் துப்புகிற துப்பா என்பதில் அவருக்கே சந்தேகம் உண்டு. மேலதிகாரிகளுக்குச் சந்தேகம் இல்லை.

"மாப்ள, எந்திரி. பொண்ணு சீட்டை எவனோ தூக்கிட்டான்," என்று அத்தான் உலுக்கினார். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் உலுக்கித்தான் எழுப்புவார்.

"சைட்ல ஏதோ கோளாறு போலிருக்கு," என்றாள் பெண் மெதுவாக.

மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் படித்தார். கோளாறு இல்லை. அவள் ஃபோனுக்கு ஒரு ரகசிய எண் வந்து, அதை யாரோ உள்ளிட்டு, 'நிச்சயமாகவா?' என்று அது கேட்டதற்கு 'நிச்சயமாக' என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஃபோன் நேற்று மாலை முழுக்க ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. பூட்டைத் திறக்கத் திரையில் விரலால் 'ட' எழுத வேண்டும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நேற்று வெளியாள் யாரும் வரவில்லை.

"அந்த ஊர் ஆபீஸ் எப்பத் திறக்கும்?"

"நமக்கு மத்தியானம் ரெண்டு மணி ஆகும்," என்றான் அக்கா மகன். "திறந்ததும் வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க மாமா."

திருடு போய்விட்டது என்று புகார் சொன்னால் விசாரணை என்று ஓரமாக வைப்பார்கள். அதற்குள் இடம் போய்விடும். யார், ஏன் என்று தெரிந்து உண்மையைச் சொல்லிக் கேட்டால்தான் உண்டு. மாமா சோபாவை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு எழுந்தார்.

மூன்று பல்கலைக்கழகங்கள் அவளைக் கூப்பிட்டிருந்தன. பெயர் பெரிய ஒன்றை அப்பா விரும்பினார், ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள. விமானம் மாறாமல் போகக்கூடிய ஒன்றை அம்மா விரும்பினாள். அவள் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. அதன் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றை வைத்தே நீரியல் சொல்லித் தருகிறார்கள். அந்த ஆற்றின் படத்தைக் காட்டிக் காட்டியே மற்ற இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்திருந்தாள்.

காலையில் அவர் வந்தபோது வீடு சந்தோஷமாகத்தான் இருந்தது. மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று உருண்டுகொண்டிருந்தது. செப்டம்பரில் பெண் கிளம்பியதும் சின்ன வீட்டுக்கு மாறுவதாக ஏற்பாடு. அதற்காக அத்தான் அலமாரியை அளந்துகொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையை மகள் பிடித்திருந்தாள். மாமா அரைத் தூக்கத்தில் கேட்ட பேச்சு இது:

"அந்த வீட்டு லிஃப்ட்ல இது ஏறாதுன்னு அம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, லிஃப்ட்ல ஏறாதாம்."

"கழட்டி எடுத்துட்டுப் போலாம்னு அப்பாகிட்ட சொல்லு. அங்க கட்டில் பக்கத்துல வச்சுக்குவோம்."

"அப்பா, கழட்டிக்கலாமாம். ஆனா கட்டில் பக்கம் வேணாம். நாம அங்க போனதும் ஜன்னல் ஓரமா வச்சுக்கலாம்."

"நாங்க எங்க வச்சா உனக்கென்ன? நீ உன் ஆத்தங்கரையப் பாரு," என்றான் அண்ணன்.

அம்மாவும் அப்பாவும் மூன்றடி இடைவெளியில்தான் நின்றார்கள். ஆனால் அந்த வீட்டில் அவர்களுக்குள் போக்குவரத்து எல்லாம் மகள் வழியாகத்தான். என்றைக்கோ ஒரு சண்டை. காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது. பேசக்கூடாது என்பது மட்டும் ஞாபகத்தில் நின்றுவிட்டது.

மாமா விசாரணையை பால்கனியில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்தால் தூங்கிவிடுவார்.

முதலில் அக்கா மகன். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களின் திட்டை வாங்குவது அவன் உத்தியோகம்.

"தங்கச்சி போனா உனக்குக் கஷ்டமா?"

"அவ போனாதான் மாமா எனக்குத் தனி ரூம்."

"அப்பா அம்மாவுக்கு நடுவுல இனிமே நீதானே தூது?"

"ஐயோ. நாள் பூரா அடுத்தவங்க சண்டையக் கேக்க எனக்குச் சம்பளம் தர்றாங்க. வீட்ல ஓசில முடியாது. அவகிட்டயே சொல்லிட்டேன்."

அடுத்து அக்கா. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் இருக்கிறாள். வலியில் வருகிறவர்களைப் பேசியே சிரிக்க வைப்பாள்.

"உனக்கு அவ போறதுல இஷ்டமில்லைதானே?"

"இல்லதான்டா. அதுக்காக எம்பொண்ணு கனவுல மண்ணள்ளிப் போடுவேனா? புடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு நானு."

"அத்தான் மூஞ்சிக்கு?"

அக்கா காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். காயாததையும் சேர்த்து எடுத்தாள்.

அத்தான் வந்ததும் வராததுமாக நெஞ்சில் கை வைத்தார். "எந்த லிஃப்டுக்குள்ள போனாலும், ஏறி இறங்கறதுக்குள்ள எம்பொண்ணு வெளிநாடு போறான்னு சொல்லிடறேன் மாப்ள. போகலைன்னா இனிமே நான் படியிலதான் ஏறணும்."

கடைசியாக அவள்.

"நீ யாரைச் சந்தேகப்படற?"

"யாரையும் இல்ல மாமா. விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. இங்கயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கறேன்."

மாமாவுக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது. பழைய சைக்கிளைத் தொலைத்தவன்கூட அவரிடம் 'விடுங்க' என்று சொன்னதில்லை. சீட்டில் கிழிசல் இருந்தது என்பதுவரை சொல்லி அழுவான். இவள் ஓர் ஆற்றையே தொலைத்துவிட்டு விடுங்கள் என்கிறாள்.

கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியபோது எல்லோரையும் அலமாரியின் முன்னால் நிறுத்தினார்.

"என் ஸ்டேஷன்ல ஒருத்தன், சைக்கிளை நான் பாத்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணான். சரி போன்னு விட்டேன். போகும்போது சீட்டைத் தடவி, 'நம்ம வண்டி மழைல நனையுது சார்'னான். நம்ம! ஒரே வார்த்தை. உள்ள உக்கார வச்சுட்டேன்."

"இப்ப எதுக்குடா சைக்கிள்?" என்றாள் அக்கா.

"காலைல, சீட்டு போன விஷயம் யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி, இந்த அலமாரியை எங்க வைக்கறதுன்னு பேசினீங்க. உன் பையன் தங்கச்சியைப் பாத்து 'நாங்க எங்க வச்சா உனக்கென்ன'ன்னான். நாங்க. அதுல அவ இல்ல. சரியாத்தான் சொன்னான், செப்டம்பர்ல அவ இங்க இருக்க மாட்டாளே. ஆனா ஒருத்தர் மட்டும், 'நாம அங்க போனதும் ஜன்னல் ஓரமா வச்சுக்கலாம்'னு சொன்னாங்க. வெளிநாடு போறவங்க சொல்லியிருந்தா 'நீங்க போனதும் வைங்க'ன்னுதானே வரும்?"

அளவு டேப்பை மறுபடி கையில் எடுத்திருந்த பெண்ணின் விரல்கள் அதை இழுத்தன, விட்டன. அது சர்ரென்று உள்ளே ஓடியது.

"செப்டம்பர்ல தான் இங்கதான் இருப்போம்னு அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தது," என்றார் மாமா. குரலில் வெற்றி எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது. "வேண்டாம்னு அழுத்தினது நீதான். ஏன்டா கண்ணு?"

அவள் அழவில்லை. நெடுநாள் வேலை பார்த்துக் களைத்த ஆள் போலத் தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்து அப்பாவுக்கு நெஞ்செரிச்சல். 'மாத்திரை எங்கன்னு அம்மாகிட்ட கேளு'ன்னு பாத்ரூம் கதவைத் தட்டிச் சொன்னார். நான் குளிச்சிட்டு இருந்தேன். வெளிய வர்ற வரைக்கும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார் மாமா. அம்மா அடுத்த ரூம்லதான் இருந்தா. நான் அவ்வளவு தூரம் போயிட்டா, மாத்திரை எங்கன்னு யார் யாரைக் கேப்பாங்க?"

அண்ணன் ஹெட்ஃபோனைக் கழுத்திலிருந்து கழற்றினான்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "அம்மாகிட்ட சொல்லு..."

"லைன் இல்ல அத்தான்," என்றார் மாமா. "நேரா பேசுங்க."

பழைய லிஃப்ட் ஒன்று கிளம்புவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் எடுத்துக்கொண்டார் அத்தான். பார்வை ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது.

"அது... இப்ப மணி என்ன?"

யாரிடம் கேட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"கண்ணுக்கு நேரா கடிகாரம் தொங்குது," என்றாள் அக்கா. "பாக்கத் தெரியாதா உங்களுக்கு? மாத்திரை ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு. எப்பவும் அங்கதான் இருக்கு. வாயத் தொறந்து கேட்டா என்ன?"

"கேட்டா நீ பதில் சொல்லுவியா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

இரண்டு மணிக்கு அவளே ஃபோன் செய்தாள். நான்தான் வேண்டாம் என்றேன், தப்பு செய்துவிட்டேன், எனக்கு வர வேண்டும் என்று சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண்மணி ஏதோ தட்டினாள், ஏதோ தேடினாள், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றாள். 'நிச்சயமாகவா?' என்றும் கேட்டாள்.

"நிச்சயமா," என்றாள் பெண், தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில்.

மாமா ஒருவழியாக சோபாவில் நீட்டிப் படுத்தார். சமையலறையில் சண்டை சூடு பிடித்திருந்தது. இத்தனை வருஷத்துக் கையிருப்பு வெளியே வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூக்கத்துக்கு நல்ல தாலாட்டு.

அவள் வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"ம்."

"செப்டம்பர்ல நீங்க எல்லாரும் அங்க போனதும், அலமாரிய ஜன்னல் ஓரமாவே வைங்க. சரியா?"

நீங்க. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து அவர் பாடுபட்டது. கிடைத்துவிட்டது. ஆனால் கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, மூடியிருந்தும் ஈரம் நிற்கவில்லை. சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வச்சுடறோம்," என்றார்.