பெடல் வேண்டாம்!

டிரிங்ங்... டிரிங்ங்...!

செத்துப் பத்தொன்பது நாள் ஆன மனிதனின் செல்போன் அடித்தது!

தையல்காரியின் கால் மெஷினிலேயே நின்றுவிட்டது.

புருஷனின் போனுக்கு அவள் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படியொரு இடி விழுந்த பிறகு மூளை வேலை செய்யுமா என்ன?

எடுத்தாள்.

"ஹலோ..."

"சார் இருக்காரா? அவரோட ஸ்டீயரிங் வந்துருச்சு!"

"என்னது... ஸ்டீயரிங்கா?"

"ஆமாங்க. வீட்டுல உக்காந்து கார் ரேஸ் ஓட்டற செட்டு. பணமெல்லாம் கட்டிட்டார். எப்ப வர்றார்?"

அவள் மெஷினிலிருந்து எழுந்தாள்.

"அவர் வரமாட்டாருங்க... நானே வரேன்."

கார் ரேஸ்! வேன் ஓட்டிக் குடும்பம் நடத்திய மனுஷன்... போனில் சீட்டுக்கட்டுகூட ஆடாதவர்!

பாலத்தின் நடுவில் வேனை நிறுத்திவிட்டுக் கீழே குதித்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துவிட்டார். தற்கொலை! "வீட்டுல சண்டையாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு சரி.

சண்டையா? அன்று காலையில்கூடச் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று அவள் முன்னால் வந்து நின்றார். போட்டபடியே தைத்துவிட்டாள். "குத்திடாதே தாயே!" என்று சிரித்தார்.

அந்த மனுஷன் சாயங்காலம் குதிப்பாரா?

அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். என்னை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தாரா? அது தெரியாமல் அவளுக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

*

கடைக்குள் ஒரு காரும் இல்லை. சுவர் முழுக்க ஸ்டீயரிங்குகள் தொங்கின. தரையில் சக்கரமில்லாத சீட்டுகள். அலமாரியில் பெடல்கள்.

விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! தங்கமான மனுஷனாச்சே! மூணு நாள் வந்தாரும்மா. ஒவ்வொண்ணா உக்காந்து, தொட்டுப் பார்த்துத்தான் எடுத்தார்."

"அவருக்கா எடுத்தார்?"

"யாருக்குன்னு சொல்லலை. மொதல்ல பலமான மோட்டார் ஒண்ணைக் காட்டினேன். ரேஸ் கார் திரும்பறப்ப ஸ்டீயரிங் கையை இழுக்கும் பாருங்க, அதே மாதிரி இழுக்கும். பிடிச்சுப் பார்த்துட்டு, 'வேணாங்க, அவன் தோள் தாங்காது'ன்னார். சின்ன மோட்டார் போதும்னுட்டார்."

அவன்...?

"அப்புறம்?"

"சீட்டும் வேணாம்னார். அவன்கிட்ட இருக்காம். ஸ்டாண்டுக்கு நடுக்கம்பி இருக்கக் கூடாது, அடியில சக்கர நாற்காலி போகணும்னார். நான் குனிஞ்சு டேப் வெச்சுக் காட்டின பிறகுதான் நம்பினார். திரை மூணு எதுக்கு, பெருசா ஒண்ணு போதும், வீடு சின்னதுன்னார். கடைசியா ஒண்ணு சொன்னார் பாருங்க..."

"என்ன?"

"பெடல் வேண்டாம்னார்!"

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெடல் இல்லாம எவன் கார் ஓட்டுவான்? அப்புறம்தான் புரிஞ்சுது. கையாலேயே ஓட்டற மாதிரி கேக்கறார். ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி ஒரு வளையம், அதை விரலால அழுத்தினா வேகம். பிரேக்குக்கு ஒரு லீவர். அதை வரவழைக்கத்தான் இவ்வளவு நாளாச்சு."

"யாருக்குன்னு ஒரு துப்பும் இல்லையா?"

கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"உக்காந்தா முழங்கை எவ்வளவு உயரத்துல வருதுன்னு அளந்துட்டு வாங்கன்னேன். மனுஷன் எதைக் கொண்டாந்தார் பாருங்க. காலர் பதினஞ்சாம்! ஸ்டீயரிங்குக்கு எதுக்கும்மா காலர்?"

அவள் சீட்டை வாங்கினாள். புருஷனின் கையெழுத்து... ஆனால் அளவுகள் அவளுடையவை! அவளுடைய அளவு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். அசட்டு மனுஷன்! இரண்டு கை அளவும் ஒன்றாக இல்லை. கடைசி வரியில்... வலது தோள் முக்கால் இன்ச் இறக்கம்.

அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள்.

அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். அந்த இறக்கம் வெளியே தெரியாமல் இருக்க, சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பவளே அவள்தான்.

டீச்சரின் பையன்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு ஓடியது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. டீச்சர் அவளுடைய பழைய வாடிக்கை. துக்க வீட்டில் இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஒரு வாய் தண்ணியாவது குடிம்மா" என்று கெஞ்சியவள்.

அந்த வீட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

*

ஸ்டீயரிங் பெட்டியோடு அவள் வாசலில் நிற்க, பையன் கதவைத் திறந்தான். டீச்சர் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை.

பெட்டியைப் பார்த்தான். அதன் மேலிருந்த படத்தைப் பார்த்தான். அவன் உதடு கோணிக்கொண்டது.

"மாமா வாங்கிட்டாரா அக்கா...? நிஜமாவே வாங்கிட்டாரா?"

"உனக்கு எப்படிப்பா அவரைத் தெரியும்?"

"நீங்க தைச்ச சட்டையைக் கொண்டாந்து குடுப்பார். அப்புறம் வியாழக்கிழமையானா சும்மாவே வர ஆரம்பிச்சார். அம்மா ஸ்கூல்ல இருப்பாங்க. ரேஸ் ஓட்டணும்னு எனக்கு அவ்வளவு ஆசைக்கா. அம்மா ஸ்டீயரிங்னு சொன்னாலே எரிஞ்சு விழுவாங்க. அவர்தான், 'நான் பார்த்துக்கறேன்டா'ன்னார்."

"உன்மேல அவருக்கு என்னப்பா இவ்வளவு...?"

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னை இடிச்சது தான்தான்னு சொன்னார்க்கா."

அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரா...?"

"அன்னிக்கு முழுக்க அழுதேன். அப்புறம் போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். வேற யாருக்கா என்னோட பேச வர்றா? ஆனா, அம்மாகிட்ட உளறிட்டேன். அதான் நான் பண்ண பாவம்!"

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. மறுநாள், அதான் மாமா செத்துப்போன அன்னிக்கு, ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணி, உங்க மாமா வேன்லயே வரேன்னாங்க. ஆனா... தனியாத்தான் வந்தாங்க. நடந்து வந்தாங்க."

"போதும்டா!"

வாசலில் டீச்சர்! கையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

தையல்காரி மெல்ல எழுந்தாள்.

"டீச்சர்... அன்னிக்குப் பாலத்துல என்ன நடந்தது?"

"கேக்காதே."

"சொல்லுங்க டீச்சர்! உங்க கால்ல விழறேன். அவர் குதிச்சாரா?"

டீச்சர் நோட்டுக் கட்டைக் கீழே போட்டாள்.

"குதிக்கலை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஏன்டா எம்புள்ளையை ரோட்டுல போட்டுட்டு ஓடினேன்னு கேட்டேன். வாயைத் திறக்கலை. கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை... தள்ளிட்டேன்!"



தையல்காரி அழுதாள். வாய்விட்டு அழுதாள். பத்தொன்பது நாளாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டது.

"அவர் என்னை விட்டுட்டுப் போகலை... போகணும்னு நினைக்கவே இல்லை!"

"என்னை மன்னிச்சுடுன்னு கேக்க மாட்டேன்" என்றாள் டீச்சர். "எம்புள்ளையோட காலுக்கு அவன் பதில் சொல்லியே ஆகணும்."

"அம்மா!"

பையன் கத்தினான். நாற்காலியே அதிர்ந்தது.

"அவர் சொன்னதே பொய்ம்மா! அவர் ஓட்டலை! எனக்கு மயக்கம் வர்றதுக்கு முன்னாடி பார்த்தேன். வேன்லேர்ந்து ஓடி வந்தவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்துதான் இறங்கினார். ஓட்டற பக்கம் வேற யாரோ உக்காந்திருந்தாங்க. மழையில முகம் தெரியலை. யாரைக் காப்பாத்தறீங்கன்னு அவர்கிட்டயே கேட்டேன்..."

"என்னடா சொன்னான்?"

"'தெரிஞ்சா அவ தூங்க மாட்டாடா... யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு கெஞ்சினார். அதான் பாதியை மட்டும் உங்கிட்டச் சொன்னேன்."

"அவளா? யார்டா அவ?"

தையல்காரிக்கு ஒரு பழைய மழை நாள் நினைவுக்கு வந்தது.

மழை... தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த ரோடு...

மூன்று வருஷத்துக்கு முன்னால், அவர் அவளுக்கு வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாலாவது நாள். லைசென்ஸ் கிடையாது. வைப்பர் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருக்க, திடீரென்று 'தொப்'பென்று ஒரு சத்தம்! "நீ இறங்காதே!" என்று ஓடினார். இருட்டிக்கொண்டு கொட்டிய மழையில் முதுகைக் காட்டி நின்று யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நாய்தான். ஓடிருச்சு. நகரு, நான் ஓட்டறேன்."

அதற்குப் பிறகு அவளுக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. தன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாளே... பாவி!

"டீச்சர்..." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "ஓட்டினது நான்."

"என்ன?"

"நாய்னு சொன்னார். நான் நம்பிட்டேன். நான்தான் டீச்சர்... உங்க புள்ளையை இடிச்சது நான்தான்!"

டீச்சர் சுவரோடு சரிந்தாள்.

"ஐயோ... அப்போ நான் யாரைத் தள்ளினேன்?"

பையன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

தையல்காரி அவன் தலையில் கை வைக்கப் போனாள். தைரியம் வரவில்லை. கையை இழுத்துக்கொண்டு புருஷனின் போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சாரா? தற்கொலைன்னு எழுதினீங்களே, அதை அடிச்சுடுங்க."

*

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு பெண் கான்ஸ்டபிளும் வந்தாள். இரண்டு வாக்குமூலத்தையும் கேட்டு, தொப்பியைக் கழற்றிப் பிடரியைத் துடைத்துக்கொண்டார். பையனின் சித்தி வந்து சேரும்வரை காத்திருந்தார்.

இரண்டு பெண்களும் படியிறங்கினார்கள். தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. டீச்சரும் உதறவில்லை.

ஜீப் அருகில் வந்ததும் இன்ஸ்பெக்டர் தயங்கினார்.

"பின்னாடி பாதி இடத்துல சாமான் கிடக்கும்மா. கான்ஸ்டபிளோட ஒருத்தர்தான் உக்கார முடியும். இன்னொருத்தர் என் பக்கத்துல முன்னாடி உக்காரணும். யாரு?"

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் கதவைத் திறந்தாள்.

"நான் உக்கார்றேன் சார். பயப்படாதீங்க... ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன்!"