தலைவரின் கோட்டில் இரண்டாவது ஓட்டை

போலீஸ் தரப்புக்காகத் தைத்த கோட்டின் முதுகில் ஓர் ஓட்டை இருந்தது. இருக்கக் கூடாது. தையற்காரர் அதன் மார்புப் பக்கம் ஒன்றுதான் வெட்டியிருந்தார். விசாரணைக் கமிஷன் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

மேடையில் பேசிக்கொண்டிருந்த தலைவரைச் சுட்டது யார் என்பதில் ஊர் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. எதிரே நின்ற காவலாளிதான் என்றது போலீஸ். எதிர்க் கட்டட மாடியிலிருந்து எவனோ என்றன பத்திரிகைகள். மேடையில் தலைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சொந்தக் கட்சிக்காரன் ஒருவன் என்று முடிவெட்டும் கடைகளில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். உடலை அன்று மாலையே அவசர அவசரமாக எரித்துவிட்டதால், மிஞ்சியது அவர் போட்டிருந்த கறுப்புக் கோட்டு மட்டும்தான். ஒவ்வொரு கதைக்கும் ஒரு பொம்மையை நிறுத்திப் பார்க்க, அதே மாதிரி மூன்று கோட்டுகள் தைக்கச் சொன்னது கமிஷன். அளவெடுப்பதற்காக அசல் கோட்டு ஒரு மதியம் தையற்காரரின் மேஜைக்கு வந்தது. காவலுக்கு வந்த போலீஸ்காரர் வாசல் நாற்காலியில் குறட்டை விட்டார்.

அங்கேதான் வினை பிடித்தது. துணியில் ஓட்டையைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. அடைத்துவிட்டுத்தான் மறு வேலை. மார்பில் இருந்தது குண்டு போன வழி என்று தெரிந்து அதைத் தொடவில்லை. முதுகில், இடது தோளுக்குக் கீழே இருந்த சின்ன ஓட்டையைப் பூச்சி அரித்ததாக நினைத்து, உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி, இழை மேல் இழை ஓட்டி, பூதக்கண்ணாடிக்கும் அகப்படாதபடி மூடிவிட்டார். பின்னாலிருந்து குண்டு பாய்ந்ததா இல்லையா என்று கமிஷனில் மல்லுக்கட்டுகிறார்கள் என்பதை மறுநாள் பேப்பரில் படித்தபோதுதான், தான் மூடியது எதை என்று புரிந்தது. சொன்னால் தடயத்தை அழித்தவன் என்று இவரையே உள்ளே தள்ளுவார்கள். தலைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களோ இன்றைக்கு மந்திரிகள். பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு மூன்று கோட்டுகளையும் தைக்க உட்கார்ந்தார்.

இப்போது போலீஸ் தரப்புக் கோட்டின் முதுகிலும் அதே இடத்தில் ஓட்டை. அடைத்தார். மறுநாள் அது திரும்பவும் திறந்திருந்தது. அடைத்தார். திறந்தது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே வெயில் தரையில் நீண்டு கிடக்க, இஸ்திரிப் பெட்டியின் ஈரச்சூட்டு மணத்துக்கு அடியில் பொசுங்கிய துணியின் நெடி மெல்ல எழ, தன் ஊசி மேஜையில் சும்மா கிடக்கும்போதே எங்கோ பின்னால் இறுக்கமான துணியில் நூல் இழுபடும் ஓசையை அவர் கேட்டார்.

சாயங்காலம் காவலாளியின் மனைவி வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு கமிஷன் பொம்மைங்கள நிறுத்திப் பார்த்துட்டு முடிவு சொல்லுது. அவருதான்னு சொல்லிட்டா தூக்குதான். பின்னாடியிருந்து சத்தம் வந்துச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுவுறாரு. அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தவரு நீங்க. முதுகுல ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"இருந்தா சொல்லமாட்டேனா? நானும் புள்ளகுட்டிக்காரன்தான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிடாமல் போயிருக்கலாம். அவமானத்தில் அவருக்குக் காதெல்லாம் எரிந்தது.

மறுபடி அந்த ஓசை. இந்த முறை மிகக் கிட்டத்தில். மூன்று கோட்டுகளையும் மாட்டியிருந்த பொம்மைகள் பின்னால் நின்றன. அவர் திரும்பவில்லை. இடது தோளுக்குக் கீழே சுருக்கென்றது. வலியில்லை. இழுத்தது. மீண்டும் இழுத்தது. ஷட்டரை முழுக்க இறக்கக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினார்.

"என்னங்க, இப்படி வேர்த்திருக்கு?" மனைவி அவர் முதுகைத் துடைத்தாள். கை நின்றது. "இந்தச் சட்டை எப்பக் கிழிஞ்சுது? தைச்சதே தெரியல, கையிலதான் தட்டுப்படுது. உங்க வேலைய விட நல்லா இருக்கே!"

சட்டையைக் கழற்றினார். அவள் அவரைத் தோளைப் பிடித்து அலமாரிப் பக்கம் திருப்பினாள்.

அலமாரிக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தார். அதே இடம். விரல்நுனி அளவு. தோலை இழை இழையாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி மூடியிருந்தது. சொட்டு ரத்தமில்லை. இவரைவிடக் கை தேர்ந்த யாரோ.

போதும். சொல்லிவிடலாம். இப்போதே, கமிஷன் ஆபீஸ் வாசலில் நின்று கத்திவிடலாம். ஜெயிலோ சாவோ, அந்தப் பெண்ணின் புருஷன் பிழைக்கட்டும்.

மனைவி பக்கம் திரும்பினார். சொல்ல முயன்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்து அலறினாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அலறினாள்.

கையை உயர்த்தினார். மூக்கு இருந்தது. தாடை இருந்தது. விரல் உதட்டைத் தேடியது. இடமிருந்து வலமாக. வலமிருந்து இடமாக. மூக்குக்கும் தாடைக்கும் நடுவில், இழை மேல் இழையாக, தையல் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல், வெறும் தோல்.