‘வாங்க’ என்று சொல்லக் கூடாத இடம்

விமான நிலையத்திலிருந்து வந்த வேன் எங்களை ஒரு நீல கேட்டின் முன்னால் இறக்கிவிட்டுப் போனபோது உச்சி வெயில். கேட்டுக்கு அந்தப் பக்கம் நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய மர வீடு. வீட்டுக்கு அந்தப் பக்கம் கடல். அவ்வளவுதான். பெட்டிகளைக்கூட எடுக்காமல் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, கடல் நிஜமாவே படத்துல பாத்த கலர்லதான் இருக்கு பாருங்க!”

நாங்கள் மூன்று பேர். அக்கா, மாமா, நான். மாமா என்றால் அக்காவின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் ஏசி மெக்கானிக். அக்கா ஒரு கண் மருத்துவமனையில் ரிசப்ஷனிஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை ‘வாங்க, உக்காருங்க’தான் அவள் வேலை. அது வீட்டிலும் விடாது. சிலிண்டர் கொண்டு வருகிறவரையும் அதே குரலில்தான் வரவேற்பாள். தவறான எண்ணுக்குப் போன் செய்த யாரோ ஒருவரிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு, “இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க” என்று சொல்லி வைத்தவள் அவள்.

கடல் தாண்டிப் போவது எங்கள் மூவருக்கும் அதுதான் முதல் தடவை. கிளம்புவதற்கு முன் நான் கண்ணில் பட்ட வீடியோவெல்லாம் பார்த்துத் தயாராக இருந்தேன். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. பவளப் பாறையை வெறும் காலால் மிதிக்கக் கூடாது.

“போதும்டா சாமி. நீ சொல்றதைக் கேட்டா கடலைப் படத்துலயே பாத்துக்கலாம் போலிருக்கு” என்றார் மாமா.

வீட்டுக்கார அம்மாள் நம் மொழிக்காரர். அவருடைய அப்பா காலத்திலேயே அங்கே போய்க் குடியேறிவிட்ட குடும்பம். சாவியைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினார்.

“மத்தியானம் தண்ணி உள்வாங்கும். அதோ, நடுவுல வெள்ளையா ஒரு மணல் திட்டு தெரியும். நடந்தே போலாம். அழகா இருக்கும். ஆனா தண்ணி ஏற ஆரம்பிச்சா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க.”

“சரிங்கம்மா” என்றேன் நான். இதுவும் ஒரு வீடியோவில் வந்ததுதான்.

அவர் போகவில்லை. கதவுப் பிடியைத் துடைப்பதுபோல் கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அங்க யாராவது தனியா நின்னா பேச்சுக் குடுக்காதீங்க. பேசினாலும் வீட்டுக்கு வாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நம்ம ஆளுங்களுக்கு அது வாயில தானா வந்துடும். அதான் சொல்றேன்.”

“திருடங்களா?” என்று கேட்டார் மாமா.

“அப்படியே வெச்சுக்கங்க.”

மறுநாள் மத்தியானம் மணல் திட்டுக்கு நடந்தோம். தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் இருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு. திரும்பிப் பார்த்தால் எங்கள் வீடு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. எங்களைத் தவிர யாருமில்லை என்றுதான் நினைத்தேன். மாமாவுக்கும் எனக்கும் அக்காவைப் படம் எடுக்கும் வேலை. இப்படி நிற்கிறேன், அப்படி நிற்கிறேன் என்று அவள் நகர்ந்து நகர்ந்து திட்டின் மறுமுனைக்கே போய்விட்டாள்.

அங்கிருந்து பேச்சுக்குரல் கேட்டது.

வெளுத்துப்போன மஞ்சள் மிதவைச் சட்டை போட்ட ஒரு பெண், அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். சிரித்த முகம்.

“முதல் தடவையா வந்திருக்கீங்களா? காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்கக்கா. தரையோட இழுத்து நடங்க. மணலுக்கு அடியில திருக்கை மீன் படுத்திருக்கும், மிதிச்சா முள்ளால குத்திடும்” என்று அவள் சொல்வது கேட்டது.

“பாருடா, நம்ம பொண்ணு!” என்று அக்கா எங்களைப் பார்த்துக் கத்தினாள். அயலூரில் நம் மொழி கேட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

நான் கிட்டே போனேன். பக்கத்தில் போனதும் ஒரு வாடை. ஈரத்துணியை வாளியில் போட்டு மூடி மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரோ கணுக்காலுக்கு மேல் இல்லை. ஆனால் அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் பார்த்த நேரம் முழுக்க நிற்கவில்லை. விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருந்தன, ரொம்ப நேரம் ஊறியதுபோல.

“எங்க தங்கியிருக்கீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“இங்கதான்க்கா.”

அப்போது என் காலில் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று உரசிப் போனது. தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது.

“அக்கா, கிளம்பு” என்றேன்.

“சரிம்மா, நாங்க வரோம். அதோ நீல கேட் போட்ட வீடு. கண்டிப்பா வீட்டுக்கு வாங்க, என்ன?”

சொல்லிவிட்டாள். சொன்னது அவளுக்கே தெரிந்திருக்காது.

அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் பெரிதானது. “வரேன்க்கா” என்றாள்.

முக்கால் தூரம் வந்தபின் மாமா திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு முட்டி வரை தண்ணீர்.

“டேய், அந்தப் பொண்ணு இன்னும் அங்கேயே நிக்குது.”

மணல் திட்டு மறைந்துவிட்டது. அவள் அதே இடத்தில், மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். நீந்தவில்லை. கையை அசைக்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். மிதவைச் சட்டை போட்டவள் மிதக்கவேண்டாமா என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. “ஏங்க! வாங்க இந்தப் பக்கம்!” என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினேன். தண்ணீர் அவள் வாய்க்கு வந்தது. மூக்குக்கு வந்தது. கண்கள் மூடவில்லை.

அப்புறம் வெறும் தண்ணீர்.

ஒரு குமிழிகூட வரவில்லை. அந்தப் பதற்றத்தில்தான் பவளப் பாறையை மிதித்தேன். பாதம் நீளவாக்கில் கிழிந்துவிட்டது.

மாமா என்னைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கரையில் இருந்த படகுக்காரர்களிடம் சைகையில் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கடலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் காலில் ரத்தம் நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மாள் வேறெதுவும் கேட்காமல் தன் வண்டியிலேயே மாமாவை ஏற்றிக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பினார். காலில் துணியைச் சுற்றி என்னை உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றதும், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் மட்டும்.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக.

“யாரு?” என்றாள் அக்கா.

“நான்தான்க்கா. வீட்டுக்கு வாங்கன்னு சொன்னீங்களே.”

“அம்மாடி! பொழைச்சு வந்துட்டியா! எங்க உயிரே போயிடுச்சு...” அக்கா ஓடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தமும் கேட்டது.

அதோடு நின்றது.

வீட்டுக்கார அம்மாள் சொன்னது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

“தம்பி தூங்குறான்மா. நாளைக்குப் பாக்கலாமே.”

“தம்பி தூங்கலையேக்கா. கால் எரியுதுன்னு கூரையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு.”

நான் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தாழ்ப்பாளை இன்னும் இறுக்கித் தள்ளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மழைதான் பேசியது. பிறகு கூடத்திலிருந்து, “போயிட்டா போலிருக்குடா” என்று அக்கா கிசுகிசுத்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை அமுங்கியது.

யாரோ உட்கார்ந்த மாதிரி. என் பாதத்தைச் சுற்றியிருந்த துணி மெல்ல அவிழ்ந்தது. அக்காதான் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. எரிச்சலுக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

“வலிக்குதா?”

“பரவாயில்லக்கா” என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த வாடை வந்தது.

“முதல் தடவை வர்றவங்க எல்லாரும் இப்படித்தான்” என்றாள் என் காலைப் பிடித்திருந்தவள், அன்பாக. “காலைத் தூக்கி வெச்சிடுறாங்க. சொன்னா கேக்குறதில்ல.”

காலை இழுத்தேன். வரவில்லை. குளிர் பாதத்திலிருந்து முட்டிக்கும் இடுப்புக்கும் ஏறியது. சட்டை காய்ந்துதான் இருந்தது. ஆனால் என் உடம்புக்கு அது தண்ணீர் என்று தெரிந்தது. நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. வாயில் உப்புக் கரித்தது. மூச்சை இழுத்தேன், காற்று வரவில்லை. காய்ந்த கட்டிலில் படுத்துக்கொண்டு நான் மூழ்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வண்டிச் சத்தம். கதவை இடிக்கும் சத்தம். அக்கா ஓடிப்போய்த் திறந்திருக்கிறாள். நடந்ததை மாமா வண்டியில் பேச்சுவாக்கில் சொல்ல, பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பியிருக்கிறார் வீட்டுக்கார அம்மாள். அறைக்குள் வந்ததும் அவர் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“கூப்பிட்டது நீதான! நீயே போகச் சொல்லு! ‘போ’ன்னு சொல்லு. அது ஒண்ணுதான். வேற எதையும் சேக்காத!”

அக்கா வாயைத் திறந்தாள்.

யோசித்துப் பாருங்கள். வாசலை விட்டுப் போகிற யாரிடமாவது வெறும் ‘போ’ என்று நம் வீட்டில் சொல்லியிருப்போமா? சண்டைக்காரரிடம்கூடச் சொல்ல நாக்கு கூசும். அக்கா பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு அது. என் கண் செருகுவதை அவள் பார்க்கிறாள். அவசரம்.

“போ... போயிட்டு...”

“வேண்டாம்!” என்று அலறினார் வீட்டுக்கார அம்மாள்.

“...வாங்க.”

என் காலை விட்டாள்.

“சரிக்கா. போயிட்டு வரேன்.”

எழுந்து மாமாவைத் தாண்டிக் கூடத்து வழியாக மழைக்குள் இறங்கிப் போனாள். கடலில் அவளைப் பார்த்த மாமா கண்ணுக்கு இப்போது அவள் தெரியவே இல்லையாம். பக்கத்தில் ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி ஒரு சில்லிப்புதான் என்றார். நான் கட்டிலில் குப்புறத் திரும்பி வாந்தி எடுத்தேன். வந்ததெல்லாம் கடல் தண்ணீர்.

வீட்டுக்கார அம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கண்ணன் இதே மாதிரி கட்டில்லதான் போனான். எங்கம்மா வாங்கன்னு கூப்பிட்டாங்க. போன்னு சொல்ல அவங்களுக்குத் தெரியல” என்றார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “உன் தம்பி பொழைச்சிட்டான். ஆனா நீ அவளை அனுப்பல. எப்ப வருவா, எங்க வருவா, எனக்குத் தெரியாது.”

அடுத்துக் கிடைத்த விமானத்தில் கிளம்பினோம். கேட்டருகே அக்கா வீட்டுக்கார அம்மாளின் கையைப் பிடித்து அழுதாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல், “போங்க” என்று மட்டும் சொல்லிக் கேட்டைச் சாத்தினார். அதைவிடப் பெரிய அன்பை அவரால் காட்டியிருக்க முடியாது.

ஊருக்கு வந்தபின் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் வருகிறவர்களிடம் ‘உக்காருங்க’ மட்டும்தான். முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார் வந்தது. அவள் கவலைப்படவில்லை. மாதங்கள் போயின. என் காலில் தழும்பு மட்டும் மிஞ்சியது. எங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்தது. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க மாமாவின் அம்மா வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தார்.

போன வாரம் ஒரு மொட்டை மாடியில் ஏசி வேலையாக இருந்தேன். அந்த அத்தையிடமிருந்து போன்.

“உங்க அக்கா போனை எடுக்கவே மாட்டேங்குறாப்பா. அவளைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்கு. அக்கா அக்கான்னு அவ்வளவு பிரியம்! எனக்கு மூட்டு வலின்னு சொன்னதும் கீழ உக்காந்து காலைப் பிடிச்சு விடுது. கைதான் ஜில்லுன்னு இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு.”

ஸ்பேனர் என் கையிலிருந்து விழுந்தது.

“அத்தை, எழுந்திருங்க. உடனே எழுந்து வெளிய ஓடுங்க.”

“எங்கப்பா எழுந்திருக்கிறது?” என்று அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. தண்ணீர் புரையேறிய இருமல்.

“காலை விடவே மாட்டேங்குறாளே.”