ஏரிக்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி

காலையில் அழித்த சிவப்புப் புள்ளி மதியம் மறுபடியும் படத்தில் இருந்தது.

கம்ப்யூட்டர் திரையில் ஒட்டிய தூசி என்று நினைத்து அவள் விரலால் துடைத்தாள். போகவில்லை. நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னல்திரைகளை இழுத்துவிட்டிருந்ததால், வெளியே ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அந்த அறைக்குள் மட்டும் விடியாத காலை ஒன்று தங்கிப்போயிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக்கென்று இடித்தது. கம்ப்யூட்டரின் சூட்டில் கிளம்பிய தூசி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, ஈரப் புல்லும் சேறும் கலந்தது, விட்டுவிட்டு வந்தது. ஏரிக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பாக இருக்கும்.

போனில் காலண்டர்காரர் காத்திருந்தார்.

"படம் தங்கம்மா, தங்கம். மூடுபனி என்ன, மலை என்ன! ஆனா அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் பாப்பா இன்னும் நிக்குதே?"

"அழிச்சுட்டுத்தான் சார் அனுப்பினேன்."

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கற பொண்ணுக்கே கண்ணு தெரியலைன்னா எப்படி? ஒண்ணு, பாப்பாவோட அப்பா அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிக் குடுங்க. இல்லே, பாப்பாவைத் தூக்கிடுங்க. நாளைக்கு யாராவது வந்து, எங்க பொண்ணு ஏன் உங்க ஏப்ரல் மாசத்துல நிக்கறான்னு சண்டை போட்டா நான் என்ன பண்றது? அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போயாகணும்."

வாரமெல்லாம் லென்ஸ் தேய்ப்பாள்; விடுமுறை நாளில் படம் எடுத்து, படங்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் ஏற்றுவாள். இரண்டு வருடத்தில் கிடைத்த காசு கேமரா பையின் ஜிப்பை மாற்றக்கூடக் காணாது என்பது அவள் தங்கையின் கணக்கு. இன்று காலை எடுத்து ஏற்றிய சூட்டிலேயே இந்த மனிதர் கூப்பிட்டுவிட்டார். தன் படத்தை ஒருவர் காகிதத்தில் அச்சடிக்கக் கேட்பது இதுதான் முதல்முறை.

கையெழுத்து கேட்க முடியாது. சிவப்பு ஸ்வெட்டரில் நிற்பது அந்தத் தங்கைதான். பதினொரு வயது, வீட்டில் எல்லோருக்கும் வாலு. பள்ளி விடுமுறைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டபோது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "எங்க வேணா கூட்டிட்டுப் போ. தண்ணிப் பக்கம் மட்டும் வேண்டாம்டி. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அதனால் அழித்தாள். சுற்றியிருக்கும் புல்லையும் தண்ணீரையும் எடுத்து, வேண்டாத இடத்தில் ஒட்டுப்போட்டு மூடிவிடும் மென்பொருள் பிரஷ் அது. ஒரு தேய்ப்பு. வாலு இருந்த இடத்தில் புல்.

இப்போது பெரிதாக்கிப் பார்த்தாள். காலையில் அக்கரையில் மரத்தடியில் இருந்த உருவம், இப்போது மரத்தடியை விட்டு இறங்கித் தண்ணீரின் விளிம்பில் நின்றது. தானே தவறாக நினைவு வைத்திருக்கலாம். அழித்தாள். சேமித்தாள். அனுப்பினாள்.

"அழிச்சிட்டியா அக்கா?" அடுத்த அறையிலிருந்து வாலுவின் குரல்.

"ம். போன்ல பேசினதைக் கேட்டியா? கோச்சுக்காதடி."

பதில் இல்லை. அதுதான் ஒருமாதிரி இருந்தது. எதற்கும் சண்டைக்கு வருகிறவள். காலையில் கேமரா முக்காலியை நட்டுவைத்து, "ஃபிரேமை விட்டுத் தள்ளிப் போடி" என்று மூன்றாம் தடவை விரட்டியபோது, "இந்த ஏரியில உன் ஃபிரேமுக்கு வெளியில இடமே கிடையாதாக்கா? அக்கரைக்கே போறேன், போதுமா?" என்று கத்திவிட்டு ஓடினவள்.

போன் அதிர்ந்தது. காலண்டர்காரரின் செய்தி. 'இப்ப இன்னும் கிட்ட வந்திருக்கு. விளையாடறீங்களாம்மா?'

படத்தைத் திறந்தாள். பெரிதாக்கத் தேவையிருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வாலு நின்றாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. வாய் திறந்திருந்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். ஏதாவது கோப்புக் கோளாறு. வேறு படத்தோடு கலந்திருக்கும். தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று பார்த்தாள். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். அதற்கு அடுத்த படம், ஆறு பதின்மூன்று. அந்த அடுத்த படத்தின் ஓரத்தில், லென்ஸுக்கு முன்னால் நீட்டியபடி, வாலுவின் விரல்கள்.

ஏரியைச் சுற்றி வர அரைமணி நேரமாவது ஆகும்.

எப்படிடி இவ்வளவு சீக்கிரம் வந்தே என்று அப்போதே கேட்டிருந்தாள். "குறுக்கு வழி" என்றாள் வாலு. சிரிக்கவில்லை. கேமராவை உறையில் போடும் அவசரத்தில் அவளும் மேலே கேட்கவில்லை. ஸ்கூட்டரில் வரும்போது பின்னால் ஆள் இருக்கிற கனமே தெரியவில்லை; இருமுறை திரும்பிப் பார்த்தாள்; இருமுறையும் சிவப்பு ஸ்வெட்டர் இருந்தது. வந்ததிலிருந்து அது ஒரு வாய் சாப்பிடவில்லை.

அது.

தான் அப்படி நினைத்ததை அவள் கவனித்தாள்.

அடுத்த அறையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. அங்கே குழாய் கிடையாது.

"அழிச்சிட்டியா அக்கா?"

அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். ஒரு முறை பேசியதை வெட்டி ஒட்டினாற்போல.

திரையில் தண்ணீர் இப்போது கழுத்துவரை இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அசையவில்லை. கண்ணை மூடித் திறந்தால் கிட்டே. மூடித் திறந்தால் இன்னும் கிட்டே. ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிய முடி. நீலம் பாரித்த உதடுகள். இடது புருவத்துத் தழும்பு. போன விடுமுறையில் இதே வீட்டுப் படியில் விழுந்தது.

"வாலு" என்றாள் திரையைப் பார்த்து.

கோப்பை நகல் எடுக்க வேண்டும். உடனே. பிரஷ்ஷை விட்டு வெளியே வர வேண்டும். விரல்கள் வேறெதையோ அழுத்தின.

மின்விசிறி டக்.

கதவு திறக்கிற ஓசை கேட்கவில்லை. சேற்று வாசனை மட்டும் அறை முழுக்க வந்து நின்றது. தரையில் ஈரக் கால்கள். ஒன்று. இன்னொன்று. நாற்காலிக்குப் பின்னால்.

"குடு அக்கா. நான் அழிக்கறேன்."

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

திரை முழுக்க இப்போது ஒரே முகம். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அழுத்திய இரண்டு உள்ளங்கைகள். வாய் ஒரே சொல்லைச் சொல்லி மூடி, மீண்டும் அதையே சொல்லியது. அக். கா. அக். கா.

மவுஸ் மேலிருந்த அவள் கையின் மேல் ஒரு சிறிய கை படிந்தது. குளிர்ந்தது. எடையில்லாதது. குனிந்து பார்த்தாள். அதில் விரல்ரேகை இல்லை, நகமில்லை. மணிக்கட்டிலிருந்து நுனிவரை ஒரே புல், நெருக்கமாக, ஈரமாக, ஒரே பக்கம் சாய்ந்து.

அது அழுத்தியது. பிரஷ் நகர்ந்தது.

முதலில் வாய் போனது. அந்த இடத்தில் ஏரித் தண்ணீர் வந்து நிறைந்தது, ஓர் அலைகூட இல்லாமல், அவ்வளவு அழகாக. அதற்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் அவளைப் பார்த்து இமைத்துக்கொண்டிருந்தன.