விளிம்புகள் கரைந்த அறை

ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடியில் அன்று மதியம் நாற்பத்தாறு டிகிரி. விற்பனைக்கு வந்திருந்த ஒரு நிலத்தடி வீட்டைப் படமெடுக்க டாம்சின் போனபோது, தரகர் ஸ்பைரோ சாவியோடு வாசலில் நின்றிருந்தார்.

"படுக்கையறையை நல்லா எடு. ஓப்பல் கல்லு கிடைக்கும்னு, இங்க குடியிருந்த மிர்கோ அந்தச் சுவரைத்தான் வெட்டிக்கிட்டே போனான். மண்ணு சரிஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"பூசிட்டாங்க."

"அவரை வெளிய எடுத்தாங்களா?"

"வீடு வாங்குறவன் அதையெல்லாம் கேக்கமாட்டாம்மா. அஞ்சு மணிக்குள்ள படம் வேணும். நான் வண்டியில ஏசி போட்டு உக்காந்திருக்கேன்."

உள்ளே குளிர்ச்சி. காய்ந்த மண்ணின் வாடை. ஜன்னலே கிடையாது. எடுத்து முடித்ததும் டாம்சின் படுக்கையறையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். சுவர்ப் படம் லேசாக மங்கியிருந்தது. படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கைக் கூட்டினாள். சுவர் முழுவதும் புள்ளிபுள்ளியாகப் பொரிந்தது. விளிம்புகள் மட்டும் கூர்மையானால் போதும் என்று மாஸ்க் பட்டையை இழுத்தாள். விளிம்பல்லாத இடமெல்லாம் திரையில் கறுத்தது. விளிம்புகள் வெள்ளைக் கோடுகளாக நின்றன.

கட்டில். கதவு. சுவரில் ஒரு மனிதன்.

நிமிர்ந்து பார்த்தாள். வெறும் சுவர்.

ஷார்ப்பனிங் இல்லாததைக் கொண்டுவராது. இருக்கும் விளிம்பை அழுத்திக் காட்டும், அவ்வளவுதான். பத்து வருட வேலையில் அது அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

விரல்கள் தெரிந்தன. நகங்கள் தேய்ந்திருந்தன.

பதறிப்போய்ப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். உருவம் கரைந்தது. மூச்சு விட்டபடி எழுந்தாள்.

கதவைக் காணோம்.

அறையே கலங்கிய தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் மங்கியிருந்தது. சுவரைத் தடவித் தடவிச் சுற்றிவந்தாள். மூலை இல்லை. நிலை இல்லை. கைப்பிடி இல்லை. ஸ்பைரோவைக் கூப்பிட்டாள். குரல் அவள் காலடியிலேயே விழுந்தது.

சுவருக்குள் ஏதோ சுரண்டியது.

அறையில் திரை மட்டும்தான் தெளிவாக இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கூர்மையைக் கூட்டினால் கதவு வரும். அவனும் வருவான்.

நாற்பது. கதவு நிலை கோடாகத் தெரிந்தது.

அறுபது. காதருகே மண் உதிர்ந்தது.

எண்பது.

"இன்னும் கொஞ்சம்," என்றது தோளுக்குப் பின்னால் ஒரு குரல். "எனக்கும் வழி தெரியல."

நூறு.

திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். வெயில் முகத்தில் அறைந்தது. ஸ்பைரோ வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

அவர் முகம் மங்கலாக இருந்தது. சாலை, வானம், வண்டி எல்லாமே மங்கல்தான். பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் மட்டும், இமையில் ஒட்டிய மண்துகள் வரை துல்லியமாகத் தெரிந்தான்.