அறுபத்தொரு கழுத்துகள்

"இயல்பு," என்றது சில்வெஸ்டரின் கழுத்துப்பட்டை.

நாடித்துடிப்பு நூற்று அறுபத்தெட்டு. ஆறு மாதத்தில் பதினான்கு கிலோ இறங்கியிருந்தான். தைராய்டு வீங்கியதில் பட்டை தோலில் பதிந்து கிடந்தது. மருந்தறையின் மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்துக் கொட்டியது.

"பொய் சொல்லுதுக்கா இது. கையப் பாரு, தம்ளரக்கூடப் பிடிக்க முடியல."

பெனிட்டா அவனுடைய அக்கா. அந்த மிதவை நகரின் பட்டைப் பொறியாளரும் அவள்தான். பட்டை பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அது இரத்தத்தில் தைராய்டு சுரப்பை அளந்து, நகரத்தின் அறுபத்தொரு பேருடைய அளவுகளோடு ஒப்பிடும். இயல்பின் எல்லையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த அளவுகளிலிருந்தே கணக்கிடும். நிலத்து மனிதரின் எல்லை கடலில் வாழ்பவருக்குப் பொருந்தாது என்று அவள்தான் அப்படி அமைத்தாள். கையால் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியதும் அவள்தான்.

மூன்று ஆண்டுகளாக எல்லாரும் பாசி மாவு தின்றார்கள். அதிலிருந்த அயோடின் சுரப்பிகளைத் தூண்டிவிட்டது. நகரமே மெலிந்தது, தூக்கம் இழந்தது. எல்லையும் கூடவே ஏறியது. சில்வெஸ்டருடைய அளவுதான் எல்லாவற்றிலும் பெரியது, அடுத்தது பெனிட்டாவுடையது. அவனுடைய அளவே அவனுக்கான எல்லையை மேலே தள்ளியது.

பட்டை "மிகை" என்றால்தான் சுரப்பைத் தணிக்கும் மருந்துப்பெட்டி திறக்கும். உடைத்தால் குப்பிகள் கருகிவிடும். புயல் அடங்கிப் படகு வர இன்னும் மூன்று நாள்.

ஒரு வழி இருந்தது. பட்டை மாட்டிய முதல் நாள் அளவு இன்றும் மாறாத ஒரு கழுத்தைக் காட்டினால், பட்டைகள் பழைய எல்லைக்குத் திரும்பும்.

லூர்துமேரி! பாசி வாடையே ஆகாமல் அரிசிக் கஞ்சியிலேயே காலம் தள்ளுபவள். பெனிட்டா ஓடினாள்.

லூர்துமேரி வலைக்கிடங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்றாவது முறை.

"வா தாயி! எப்படி எளைச்சிட்டேன் பாத்தியா? கலியாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு எல்லாப் பயலும் கேலி பண்ணுறானுவ."

"எப்பருந்து, லூர்துக்கா?"

"போன மாசம் எனக்குச் சுரப்பு குறைன்னு பட்டை சொல்லிச்சுல்லா. தெனம் மருந்து ஏத்துது. நீதானே ஒப்பம் போட்ட?"

ஒன்பது பெயர்கள் இருந்த பட்டியல். பெனிட்டா படிக்காமலே விரல் வைத்திருந்தாள். மாறாத கழுத்து இனி ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது சில்வெஸ்டரின் உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, நெஞ்சுக்குள்ள மோட்டார் ஓடுது. நிப்பாட்டேன்."

ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். வேறு எதுவும் அவளிடம் இல்லை. நாலரை மணிக்கு மோட்டார் நின்றது. அதுவரை பட்டை "இயல்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

மாலை ஆறு மணிக்கு எல்லை மீண்டும் கணக்கிடப்பட்டது. இப்போது அறுபது கழுத்துகள். பெரிய அளவு ஒன்று போய்விட்டதால் எல்லை சற்று இறங்கியது.

"மிகை," என்றது பெனிட்டாவின் பட்டை.

அவளுக்குப் பின்னால் மருந்துப்பெட்டி திறந்துகொண்டது.