எரிந்த சரிவில் ஃப்ரீசியா

நாணல் ஊற்று என்று பொருள்படும் ஒரே பெயரில் அந்த வட்டாரத்தில் மூன்று பண்ணைகள் இருந்தன. இந்தச் செய்தி தெரியவந்தபோது செங்கமலம் தென்னாப்பிரிக்காவில் வந்திறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊர் திரும்பும் விமானத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான்.

செங்கமலம் கொடைக்கானல் மலையில் ஃப்ரீசியா பயிரிடுகிறவள். கல்யாண மேடைகளிலும் பூங்கொத்துகளிலும் இந்தப் பூவை நீங்கள் பார்த்திருக்கலாம். மெல்லிய தண்டு நுனியில் வளைந்து படுக்க, அதன் மேல்பக்கமாக மட்டும் பூக்கள் வரிசைகட்டி நின்று புனல்போல் வாய் திறக்கும். வெள்ளை, மஞ்சள், ஊதா, சிவப்பு என்று எல்லா நிறத்திலும் உண்டு. அவள் ஊரில் பதினொரு குடும்பங்கள் இந்தப் பூவை நம்பிப் பசுமைக்குடில் போட்டிருந்தன. இரண்டு வருடமாகக் கிழங்கழுகல் நோய் வந்து பாதிக்கு மேல் அழித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து புதுக் கிழங்கு வரவழைத்து நட்டாலும் அதே கதைதான்.

தோட்டங்களில் பூக்கும் ஃப்ரீசியா எல்லாமே தென்னாப்பிரிக்கக் காட்டுச் செடிகள் சிலவற்றின் வாரிசுகள். நூறு வருடத்துக்கு மேலாக ஒன்றோடொன்று கலந்து கலந்து பூவைப் பெரிதாக்கினார்கள், நிறத்தைப் பெருக்கினார்கள். அந்த வேகத்தில் பல ரகங்கள் வாசனையையும் இழந்தன, நோயைத் தாங்கும் வலுவையும் இழந்தன. அப்படியானால் அந்தக் காட்டுச் செடிகளையே தேடிப் போனால் என்ன என்று செங்கமலம் கேட்டாள். பதினொரு குடும்பங்களும் சேர்ந்து அவளையே அனுப்பி வைத்தன. துணைக்கு அவள் கொழுந்தன் துரைப்பாண்டி. மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். பொறுமை கொஞ்சம் குறைவு.

கேப் டவுனில் அவர்களுக்குக் கிடைத்த கூட்டாளி காந்திமதி பிள்ளை. உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றில் வேலை. டர்பனில் பிறந்து வளர்ந்தவள், வீட்டில் பேசிப் பழகிய தமிழ். அவள்தான் அந்தப் பழைய தாளைக் கண்டுபிடித்திருந்தாள். 1897-இல் யாரோ ஒரு நில அளவையாளர் ஒட்டி வைத்த காய்ந்த ஃப்ரீசியா. பக்கத்தில் மங்கிய மையில் ஒரு குறிப்பு: நாணல் ஊற்று என்ற அந்தப் பண்ணைப் பெயர், மலையின் நிழல் சரிவு, ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் மூன்று மணி நேரம், நீர் தேங்கும் களிமண், மிகுந்த நறுமணம். எந்த ரயில் நிலையம் என்று மட்டும் எழுதவில்லை.

நீர் தேங்கும் மண்ணில் அழுகாமல் நிற்கிற செடி! அந்த ஒரு வரிக்காகத்தான் செங்கமலம் கடல் கடந்து வந்திருந்தாள்.

காட்டுச் செடி தேட அரசு கொடுத்த அனுமதிச் சீட்டில் நிபந்தனை தெளிவாக இருந்தது. படம் எடுக்கலாம், விதை சேகரிக்கலாம், கிழங்கைத் தோண்டக் கூடாது.

முதல் பண்ணைக்குப் போய் நின்றார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை. அங்கே இருந்த குன்றைத் தன் தாத்தா காலத்திலேயே உழுது தட்டையாக்கிவிட்டதாகப் பண்ணைக்காரர் பெருமையாகச் சொன்னார். இரண்டாவது பண்ணை அணைக்கட்டுக்குள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீருக்கு மேலே தெரிந்த ஒரு கல் வாசலின் தலையில் நீர்க்காகம் சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது. நான்கு நாள் போய்விட்டது.

மூன்றாவது பண்ணையில் மலை இருந்தது, களிமண்ணும் இருந்தது. வேலையைச் சீக்கிரம் முடிக்க இரு பிரிவாகப் பிரிந்தார்கள். நிழல் சரிவு நம்முடையது என்று சொல்லிவிட்டுச் செங்கமலமும் துரைப்பாண்டியும் மலையைச் சுற்றி ஏறினார்கள். முள் புதர் காலைக் கிழித்தது. இரண்டு நாள் முழுக்கத் தேடியும் ஃப்ரீசியாவின் ஒரு இலைகூடக் கண்ணில் படவில்லை. இரண்டாம் நாள் மாலை, எந்தப் பக்கம் தேடினீர்கள் என்று காந்திமதி கேட்டாள். வடக்குப் பக்கம் என்றாள் செங்கமலம்.

காந்திமதி தலையில் கை வைத்தாள். "அக்கா, இங்க சூரியன் வடக்கால போகும். நிழல் தெக்குப் பக்கம். நான் முதல்லயே சொல்லி இருக்கணும்."

பூமியின் மறுபாதியில் நிற்கிறோம் என்பது தெரியும். ஆனால் கால்களுக்கு அது தெரியவில்லை. துரைப்பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்து, காலில் தைத்த முட்களைப் பிடுங்கத் தொடங்கினான்.

மறுநாள் தெற்குச் சரிவில் நிலைமை இன்னும் மோசம். சரிவெங்கும் குழிகள். குழியைச் சுற்றிலும் வலைபோன்ற நார்த்தோல்கள் சிதறிக் கிடந்தன. ஃப்ரீசியாக் கிழங்கின் மேல்தோல்தான் அது. செங்கமலத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். முள்ளம்பன்றிகள் முந்திக்கொண்டு ஒன்று விடாமல் தோண்டித் தின்றிருந்தன. அவள் ஒரு நார்த்தோலைக் கசக்கி எறிந்தாள். பிறகு மழை பிடித்தது. அவர்கள் வந்த பிக்கப் வண்டி அச்சுவரை களிமண்ணில் இறங்கி, அதை மீட்கவே இரண்டு நாள் ஆனது. மிச்சம் இரண்டு நாள்.

மழை விட்ட காலையில் மலையுச்சிக்கு ஏறிக் கடைசியாக ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் நிலத்தில், ஒரு தெற்குச் சரிவு கன்னங்கரேலென்று எரிந்து கிடந்தது. காந்திமதி அதையே உற்றுப் பார்த்தாள். புதர் எரிந்து வெளிச்சம் விழுந்தால், வருடக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடந்த கிழங்குகள் மொத்தமாகப் பூக்கும் என்று அவள் சொன்னதும் மூவரும் இறங்கி ஓடினார்கள்.

அந்த நிலத்தின் உரிமையாளர் ஹெண்ட்ரிக், அறுபது வயதுக்காரர், வாயிற்கதவைத் திறக்க மறுத்துவிட்டார். கடந்த கோடையில் அந்தத் தீயில் அவருடைய ஆடுகள் தொண்ணூறு செத்திருந்தன. அன்றிலிருந்து அவரே அந்தச் சரிவுப் பக்கம் போகவில்லை. அங்கே பூப் பார்க்க வந்தோம் என்று சொன்னது அவருக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. காந்திமதி அரை மணி நேரம் வாதாடினாள். மனிதர் அசையவில்லை.

பத்து நாள் எரிச்சலும் செங்கமலத்துக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. புரியாது என்று தெரிந்தும் அவரிடம் தமிழிலேயே பேசினாள்.

"எங்க பூவும் இப்படித்தான் ஒரே வருசத்துல செத்துச்சு. நானும் ஒரு மாசம் குடிலுக்குள்ள காலை வைக்கல. என்னத்தைப் பாக்கன்னு கிடந்தேன். ஆனா போய்ப் பாத்தாத்தானே எது மிஞ்சியிருக்குன்னு தெரியும்?"

காந்திமதி மொழிபெயர்த்தாள். ஹெண்ட்ரிக் எரிந்த சரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, அவரே முன்னால் நடந்தார்.

முதலில் வந்தது வாசனை. தேனில் மிளகைத் தட்டிப் போட்டதுபோல் இனிப்பும் காரமும் கலந்த வாசனை. ஒரு பாறையைத் தாண்டினார்கள். கருகிய மண்ணில், கணுக்கால் மூழ்கும் தண்ணீரில், நூற்றுக்கணக்கான ஃப்ரீசியாக்கள். சாணளவு உயரம்தான். பாலேட்டு நிறம், கீழ் இதழில் ஒரு மஞ்சள் திட்டு. செங்கமலம் தண்ணீரில் மண்டியிட்டு ஒரு பூவின் முகத்தோடு முகம் வைத்தாள்.

அந்த மகிழ்ச்சி பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. எல்லாமே பூ, காய் ஒன்றுகூட இல்லை. விதை முற்ற இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். நாளை மறுநாள் விமானம்.

"மதினி, ஒரே ஒரு கிழங்கு. சாக்ஸுக்குள்ள போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் துரைப்பாண்டி.

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவள் கையே கத்தியை எடுத்தது. ஒரு செடியைச் சுற்றி மண்ணைக் கிளறினாள். பழைய கிழங்கு வற்றிச் சுருங்கியிருந்தது. அதன்மேல் புதுக் கிழங்கு பட்டாணி அளவில் அப்போதுதான் பிடித்திருந்தது. இப்போது பிடுங்கினால் ஊர் போய்ச் சேருவதற்குள் செத்துப்போகும். நிமிர்ந்தபோது ஹெண்ட்ரிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முகம் சுட்டது. செடியை நேராக நிறுத்தி, மண்ணை அணைத்து, இரண்டு கையாலும் அழுத்திவிட்டாள்.

ஹெண்ட்ரிக் காந்திமதியிடம் ஏதோ கேட்டார். விதை எப்போது முற்றும் என்று கேட்கிறார் என்றாள் காந்திமதி. அதுவரை வேலியைப் பார்த்துக்கொள்வதாகவும், முள்ளம்பன்றி நுழையாமல் அடியில் வலை கட்டுவதாகவும் சொன்னாராம். முறைப்படி விதையை எடுத்துச் சான்றிதழோடு அனுப்புவது தன் பொறுப்பு என்றாள் காந்திமதி.

ஆக, செங்கமலம் வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். படங்களைக் காட்டினாள், பதினொரு குடும்பங்களும் மரியாதைக்குப் பார்த்தன. கிழங்கு எங்கே என்று ஒருவர் கேட்டார். விதை வரும் என்று மட்டும் சொன்னாள். விதைக்காகக் காத்திருந்த மூன்று மாதமும் துரைப்பாண்டி சாப்பாட்டு நேரத்தில்கூட அவள் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஜனவரியில் பொட்டலம் வந்தது. தாவர நோய்ச் சோதனையெல்லாம் தாண்டி வந்த கருமணிபோன்ற விதைகள், இருநூற்றுப் பதினான்கு. செங்கமலம் அவற்றை நல்ல மண்ணில் விதைக்கவில்லை. அழுகல் நோய் தன் செடிகளைக் கொன்ற அதே பாத்தியில் விதைத்தாள். பைத்தியமா என்று துரைப்பாண்டி சண்டை பிடித்தான். ஆனால் தண்ணீர் ஊற்ற அவன்தான் தினமும் வந்தான்.

முளைத்தவை நூற்று அறுபது. மழைக்காலத்தில் பாத்தி நீரில் மிதந்தது. பக்கத்துப் பாத்தியில் நட்டிருந்த வெளிநாட்டு ரகங்கள் வாரத்துக்கு ஒரு வரிசையாகச் சாய்ந்தன. காட்டுச் செடிகளிலும் பல சாய்ந்தன. ஆனால் எழுபத்திரண்டு செடிகள் நின்றன.

டிசம்பர் மாதத்தில் ஒரு காலை, துரைப்பாண்டி ஊர் முழுக்கக் கூப்பிட்டு வந்துவிட்டான். பதினொரு குடும்பங்களும் ஒரு குடிலுக்குள் நெருக்கியடித்து நின்றன. முதல் பூ திறந்திருந்தது. குடிலுக்குள் நின்றவர்கள் அந்தத் தேன் மிளகு வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தார்கள். கலப்பு செய்து சந்தைக்கு ஏற்ற ரகம் வர இன்னும் நாலைந்து வருடம் ஆகும் என்று செங்கமலம் விளக்கினாள். இந்த முறை யாரும் முகம் சுளிக்கவில்லை.

"மதினி, அன்னைக்கு ஒண்ணைப் பிடுங்கியிருந்தா அந்த ஒண்ணும் செத்துத்தான் போயிருக்கும். கேட்டு வாங்கினதால இத்தனை வந்திருக்கு" என்றான் துரைப்பாண்டி, எல்லார் முன்னாலும்.

செங்கமலம் ஒரு மெல்லிய தூரிகையை அவன் கையில் கொடுத்தாள். எந்தப் பூவின் மகரந்தத்தை எந்தப் பூவில் தடவ வேண்டும் என்று காட்டிவிட்டு, அவன் குனிய வசதியாகத் தள்ளி நின்றாள்.